அறுவைக்குச் செல்லும் தாய்மார்களுக்கு

 

பெண்களின் மார்பில் தோன்றும் புற்றுநோயைப் பற்றியும், அதற்காக மார்பகத்தை அகற்றும் அறுவையைப் பற்றியும் இம்மாதம் எழுதுகிறோம். ஆலிம் ஒருவர் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் மதரஸாக்களில் ஹைளு, நிஃபாஸ் சட்டங்களை உஸ்தாதுமார் வரிக்கு வரி ஓதிக் கொடுக்கிறார்கள். கிதாபுக்குக் கூச்சம் கிடையாது. அன்ஸாரிப் பெண்களின் நாணம் மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்து சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

நாம் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு மஸ்அலா சொல்வது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரை மஹல்லா ஒன்றிலிருந்து ஒருவர் அஸருக்குப் பின் நம்மிடம் வந்தார். “உஸ்தாதே, வீட்டுக்காரிக்கு உடம்பில் ஒரு கட்டி. ஆம்பிளை டாக்டரிடம் காட்டலாமா?” என்று கேட்டார். எங்கே கட்டி, எத்தனை நாளாக இருக்கிறது, வேறு யார் பார்த்தார்கள் என்று நாம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. பெண் டாக்டர் இருக்கும்போது ஆண் டாக்டரிடம் காட்டக் கூடாது, பெண் டாக்டராகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டோம். சொன்னது கிதாபில் உள்ளதுதான். ஆனால் கிதாபில் பாதி. அவர்கள் பிரசவம் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் போனார்கள். அவர் அறுவை மருத்துவரிடம் போகச் சொன்னார். அங்கே இருந்தவர் ஆண் என்பதால் வாசலோடு திரும்பிவிட்டார்கள். இப்படியே எட்டு மாதம் கழிந்தது. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் எலும்பு வரை போயிருந்தது. அந்தச் சகோதரியின் ஜனாஸாத் தொழுகையை நாம்தான் நடத்தினோம். அவருடைய கணவர் இன்றுவரை நம்மிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. அது நமக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் வருகிறது. பிரயாணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்துவிட்டது. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு இலேசு உண்டா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, உமக்கு இலேசு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணித்தார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரை அவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்றார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் நாம் எத்தனை தடவை ஓதியிருப்போம்! அது நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பது அந்த ஜனாஸாவுக்குப் பிறகுதான் நம் கல்பில் இறங்கியது.

ஆகவே முழு மஸ்அலாவையும் இப்போது சொல்கிறோம். பெண்ணின் நோயைப் பார்க்கத் தகுதியுள்ள முஸ்லிமான பெண் மருத்துவர் கிடைத்தால் அவர்; இல்லையேல் பிற சமயத்துப் பெண் மருத்துவர்; அவரும் இல்லையேல் முஸ்லிமான ஆண்; அவரும் இல்லையேல் பிற சமயத்து ஆண். கணவரோ, மஹ்ரமான ஆணோ, நம்பிக்கையான ஒரு பெண்ணோ உடனிருக்க வேண்டும். சிகிச்சைக்குத் தேவையான இடம் மட்டும் திறக்கப்பட வேண்டும். இதில் தகுதி என்ற சொல்லைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர் புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தேர்ந்தவர் ஆணாக இருந்து, காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றால், அவரிடம் காட்டுவதில் குற்றமில்லை. காட்டாமல் காலம் கடத்துவதில்தான் குற்றம் வரக்கூடும். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்வதைத் திருமறை தடுத்திருக்கிறது.

இப்போது நம்மிடம் கேட்டு அனுப்பியிருப்பவர் தக்கலைக்கு அருகில் உள்ள ஒரு சகோதரி. வயது ஐம்பதை நெருங்குகிறது. அவருடைய மகன் வந்து, “உம்மாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். உம்மா கேட்கச் சொன்ன கேள்விகள் இதில் இருக்கின்றன, உஸ்தாதே” என்று நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளைத் தந்தார். பென்சிலில், ஓதிய பிள்ளையின் கையெழுத்து. அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

முதல் கேள்வி: அல்லாஹ் படைத்த உறுப்பை வெட்டிக்கொள்வது அவனுடைய படைப்பை மாற்றுவதாகாதா?

ஆகாது, சகோதரி. அழகுக்காகத் தேவையில்லாமல் மாற்றுவது வேறு. உயிரைக் காப்பது வேறு. அழுகிப் பரவும் கையை உயிரைக் காக்க வெட்டுவதை இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தம் கிதாபில் உதாரணமாகவே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஹழ்ரத் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன், மதீனாவின் ஏழு ஃபுகஹாக்களில் ஒருவர். ஷாம் நாட்டுக்குப் போன பயணத்தில் அவர்களின் காலில் அழுகல் நோய் கண்டு ஏறத் தொடங்கியது. வெட்டாவிட்டால் உடம்பெல்லாம் பரவும் என்றார்கள் வைத்தியர்கள். கால் ரம்பத்தால் அறுக்கப்பட்டது. அதே பயணத்தில் அருமை மகனையும் பறிகொடுத்தார்கள். கையும் காலுமாக நான்கு தந்தாய், ஒன்றைத்தான் எடுத்தாய், மூன்றை விட்டு வைத்தாய். மக்களிலும் ஒருவரை எடுத்து மற்றவர்களை விட்டு வைத்தாய் என்ற கருத்தில் ரப்பைப் புகழ்ந்தார்கள் என்று வரலாறு சொல்கிறது.

பயான்களில் இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள், மயக்கத்துக்காகக் கொடுத்த பானத்தை அவர்கள் மறுத்ததையே பெரிதாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு மயக்க மருந்து வேண்டாம் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம். இத்தகைய அறுவைக்காக மருந்து கொடுத்து அறிவை மயக்குவது கூடும் என்று நம் ஷாஃபிஈ இமாம்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆண்டலூஸியாவில் வாழ்ந்து 1013-இல் மறைந்த அபுல் காஸிம் ஸஹ்ராவீ (ரஹ்) அறுவை மருத்துவத்தில் உலகுக்கே உஸ்தாது. அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ என்ற நூல் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. மார்பில் வரும் புற்று சிறிதாக, தொடக்கத்தில் இருந்தால் முழுவதுமாக அகற்றிவிடலாம் என்றும், நாட்பட்டுப் பெரிதாகிவிட்டதைத் தாம் ஒருபோதும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பேச்சின் முதல் பாதி மாறவில்லை. இரண்டாம் பாதியில்தான் மருத்துவம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை முப்பது ஆண்டுகள் சுமந்து, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அடுத்த ஆண்டில் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்து வைத்தியம் செய்தார். நம் குமரி மாவட்டத்து மக்களுக்கோ திருவனந்தபுரத்தில் 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய் அறுவைக்கும் உதவி உண்டு. பணமில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஜமாஅத்தார் இதற்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுப்பதைவிட நல்ல செலவு என்ன இருக்கிறது?

இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்றுதான் நம் பெண்கள் விட்டுவிடுகிறார்கள். மார்பிலோ அக்குளிலோ கெட்டியான கட்டி, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, காம்பில் இரத்தம் கசிவது, தோல் குழிவது, இவற்றில் எதைக் கண்டாலும் அந்த வாரமே காட்டிவிடுங்கள். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். சிலருக்கு மார்பகத்தை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைத்தியம் கொடுத்தாலே போதும் என்பதும் 1985-இல் வெளியான ஆராய்ச்சியிலிருந்து நிலைபெற்றுவிட்டது. எது யாருக்கு என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

நம் சகோதரியின் இரண்டாவது கேள்வி கருகமணியைப் பற்றியது. கல்யாணத்தன்று கட்டியதை இதுவரை கழற்றியதில்லையாம். கழற்றினால் கணவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். தாயே, கருகமணி நம் நாட்டு வழக்கம். நிக்காஹ் அதில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அறுவை அறையில் உடம்பில் எந்த நகையும் இருக்கக் கூடாது என்பது விதி. முந்தின நாளே கழற்றி உங்கள் கணவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பத்திரமாக வைத்திருந்து, திரும்பி வந்ததும் தரட்டும். வளையலும் மோதிரமும் அப்படியே.

அத்தோடு கடன், அமானிதம், சீட்டுப் பணம், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வஸிய்யத் எழுதினால் மௌத்து வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எழுத வேண்டியது ஏதும் இருப்பவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை; அந்தச் சொல் சுகமாக இருப்பவருக்கும் சேர்த்துத்தான். எழுதி வைத்துவிட்டால் மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கும். பயத்தை அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இல்லை. தம் மகன் இப்ராஹீம் மடியில் உயிர் பிரிந்தபோது நம் நாயகத்தின் கண்கள் கலங்கின. அழுகை ஸப்ருக்கு விரோதமல்ல. வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, ஏழு முறை அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவை ஸஹாபி ஒருவருக்கு அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அதை உங்கள் மகளிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். யாரையும் கூப்பிட்டு ஓதிப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கை போதும்.

இனி அறுவைக்குப் பிந்திய தொழுகை. அறுவைக்குப் போகும் முன் உளுச் செய்து அந்த நேரத் தொழுகையை நிறைவேற்றிவிடுங்கள். மயக்கத்தில் தவறிய தொழுகையைப் பிறகு களாச் செய்துகொள்வது பேணுதல். மார்பில் காயம் இருப்பதால் உளுவுக்குத் தடையில்லை. உளுவின் உறுப்புகளில் மார்பு இல்லையே! குளிப்புக் கடமையானால் மட்டும் காயம் தவிர மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, காயத்திற்காகத் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். கையில் ஊசி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் அதன் சட்டத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் வடிய வைத்திருக்கும் குழாயும் பையும் ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் உடம்போடு இருக்கும். காயத்திலிருந்து இரத்தம் வருவதால் நம் ஷாஃபிஈ மத்ஹபில் உளு முறியாது. ஹனஃபி வீட்டார் ஒவ்வொரு நேரத்திற்கும் புதிதாக உளுச் செய்துகொள்ளட்டும். பையில் இரத்தம் இருக்கிறதே என்று தொழுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நிற்க முடிந்தால் நின்று, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம். ஹழ்ரத் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) நோயுற்றுக் கேட்டபோது கிடைத்த பதில் இது. தக்பீரில் அறுவை நடந்த பக்கத்துக் கை காது வரை உயராவிட்டால் உயர்ந்த அளவே போதும். சுஜூதில் அந்தக் கையில் பாரம் ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் உட்கார்ந்து தலையால் சைகை செய்யுங்கள். லுஹரையும் அஸரையும் நோயாளி சேர்த்துத் தொழலாமா என்பதில் நம் மத்ஹபின் பிரபலமான சொல் கூடாது என்பது. ஆனால் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கூடும் என்ற சொல்லையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மிகவும் தளர்ந்தவர்கள் அதைப் பற்றிக்கொள்ளலாம்.

வெட்டப்பட்டது என்னவாகும், மறுமையில் நான் எப்படி எழுப்பப்படுவேன்? இந்தக் கேள்வி தாளின் கடைசியில், சின்ன எழுத்தில் இருந்தது. இதைத்தான் முதலில் கேட்க நினைத்திருப்பார் போலிருக்கிறது. வெட்டியெடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவார்கள். நோய் எவ்வளவு பரவியது, இனி என்ன மருந்து என்பது அதிலிருந்துதான் தெரியும். உயிரோடிருப்பவரின் உறுப்பு பிரிந்தால் அதை அடக்குவது நல்லது; அதற்குக் குளிப்பாட்டுதலும் தொழுகையும் இல்லை. ஆஸ்பத்திரி விதிப்படி அது உங்கள் கைக்கு வராவிட்டால் உங்கள் மீது பாவமில்லை. மறுமையில் மனிதர்கள் செருப்பில்லாமல், ஆடையில்லாமல், கத்னா செய்யப்படாதவர்களாக எழுப்பப்படுவார்கள் என்று ஹதீஸில் வருகிறது. உலகில் வெட்டப்பட்டதெல்லாம் அங்கே திரும்பச் சேர்க்கப்படும் என்று இதிலிருந்து உலமாக்கள் விளங்கியிருக்கிறார்கள். நீங்கள் குறையோடு எழுப்பப்பட மாட்டீர்கள். அந்த மார்பில் பால் குடித்த பிள்ளைகளுடைய பால்குடி உறவும் அப்படியே இருக்கும், அது அறுபடாது.

செயற்கை மார்பகம் வைத்துக்கொள்ளலாமா என்று மகள் கேட்டிருக்கிறாள். தாராளமாக. ஹழ்ரத் அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குக் குலாப் போரில் மூக்கு அறுபட்டது. வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார், துர்நாற்றம் வந்தது. தங்கத்தில் செய்துகொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஆணுக்குத் தங்கம் ஹராம். அப்படியிருந்தும் முகத்தின் குறையை மறைக்க அனுமதித்தார்கள். அறுவையின் மூலம் மார்பகத்தை மீண்டும் அமைப்பதையும் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 2007-இல் மலேசியாவின் புத்ரஜெயாவில் கூடியபோது அனுமதித்திருக்கிறது. காயம் ஆறும்வரை பஞ்சு வைத்துத் தைத்த மெல்லிய துணி போதும். ஆறிய பிறகு மருத்துவரிடம் கேட்டு மற்றதை வாங்கலாம்.

கையைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. அக்குளில் உள்ள நெறிகளையும் எடுத்திருந்தால், அந்தக் கை பின்னாளில் வீங்கக்கூடும். அந்தக் கையில் ஊசி போடவோ, இரத்த அழுத்தம் பார்க்கவோ விட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இறுக்கமான வளையல் வேண்டாம். நம் கடற்கரை வீடுகளில் மீன் வெட்டாத நாளில்லை; மீன் முள் குத்தினால்கூட அந்தக் கையில் சீழ் பிடித்து வீக்கம் வந்துவிடலாம். மீன் வெட்டுவதை மருமகள் பார்க்கட்டும், அல்லது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிணற்றில் நீர் இறைப்பது, தேங்காய் துருவுவது, அரிசி மூட்டை தூக்குவது எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை கூடாது. அதே நேரம் கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களை ஊன்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றும் பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு செய்வதாக வைத்துக்கொண்டால் மறக்காது. மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போனது போலவும், இல்லாத மார்பில் அரிப்பது போலவும் தோன்றும். பயப்பட வேண்டாம், பலருக்கும் அப்படி இருக்கிறது. தலைவழியாகப் போடும் சட்டை கொஞ்ச நாள் உதவாது. முன்பக்கம் பொத்தான் வைத்ததாக இரண்டு தைத்து வையுங்கள். காயத்தை மகள் துடைத்துக் கட்டலாம். பெண்ணுக்குப் பெண் மார்பு அவ்ரத் அல்ல.

பத்தியம் என்ற பேரில் மீனையும் முட்டையையும் நிறுத்தி வெறும் கஞ்சி கொடுத்து நோயாளியைத் தளர வைப்பது நம் ஊர்ப் பழக்கம். காயம் ஆறச் சத்து வேண்டும். மருத்துவர் தடுக்காததையெல்லாம் கொடுங்கள். பின்னால் மருந்து ஏற்றும் காலத்தில் நோன்பு வந்தால், மருத்துவர் கூடாது என்றால் விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்யட்டும். களாவும் இனி முடியாத நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது.

நலம் விசாரிக்க வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, இன்ன ஊரில் இன்னாருக்கும் இப்படித்தான் வெட்டினார்கள், ஆறு மாதத்தில் மௌத்தாகிவிட்டாள் என்று கதை சொல்பவர்கள் வீட்டிலேயே இருந்து துஆச் செய்வது மேல். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் உம்மாவின் நோயை மறைக்க வேண்டும் என்று ஓதிக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் கட்டியை மறைத்திருக்கிறார்கள்.

கணவன்மார்களுக்குச் சொல்ல ஒரு சம்பவம் போதும். பத்ருப் போருக்குப் படை புறப்பட்டபோது நாயகத்தின் மகளார் ருகைய்யா (ரலி) நோயில் கிடந்தார்கள். அவர்களின் கணவர் ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களை மனைவிக்குப் பணிவிடை செய்ய மதீனாவிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் அவருக்கு உண்டென்றும் சொன்னார்கள். மனைவியின் படுக்கை அருகில் பத்ருடைய கூலி! அறுவை முடிந்து வந்த மனைவியை முதன்முதலாகப் பார்க்கும்போது உங்கள் முகத்தைத்தான் அவள் பார்ப்பாள். கண்ணைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். காயத்தைப் பார்க்க அவளாகக் காட்டும்வரை காத்திருங்கள். காட்டும்போது அருகில் இருங்கள். மருந்தேறி முடி உதிரும், எரிச்சல் வரும், இரவில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பாள். நம் ஊரில் ஒருவர் இப்படிப்பட்ட மனைவிக்கு ஆறு மாதம் தலைவாரவும் சோறு பிசைந்து ஊட்டவும் செய்தார் என்று கேட்டு, அவரைத் தெருவில் பார்த்தபோது நாம் எழுந்து நின்றோம். அவருக்குக் காரணம் விளங்கவில்லை.

தக்கலைச் சகோதரிக்கு இந்த மாதத்திலேயே நாள் குறித்திருக்கிறார்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அவருக்கு அறுவை முடிந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். முழுப் பதிலையும் நேரில் போய் வாசித்துக் காட்டினோம். திரைக்கு அப்பால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததும், “உஸ்தாதே, கருகமணியை இன்றைக்கே கழற்றி அவர் கையில் கொடுத்துவிடட்டுமா, முந்தின நாள் வரை இருக்கட்டுமா?” என்று கேட்டார். இருக்கட்டும் என்றோம். அவருக்காகவும், நம்மிடம் பாதி மஸ்அலா கேட்டுப் போன அந்த மர்ஹூமாவுக்காகவும் துஆச் செய்யுங்கள்.